வரையப்படாத மதில்

மதிலே! கங்கைகொண்ட சோழபுரத்துத் திருச்சுற்று மதிலே! நின்னை யான் கண்டிலேன். என் பாட்டனாரும் கண்டிலர். அவர்தம் பாட்டனாரும் கண்டிரார். 1836-ஆம் ஆண்டில், ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுப்பிய காலத்தில், நின்னைக் கல் கல்லாகப் பெயர்த்தனர். ஆற்றுப்படுகையெங்கும் மணல், கல் தரும் மலை அருகில் இல்லை. அரிந்து, இழைத்து, அடுக்கி ஆயத்தமாக நின்ற கல் நீ. பெரும்படை பல கண்டு நின்ற நினக்கு வண்டிமாடுகள் வந்து கூற்றாயின.

ஊரார் வாளா இருந்தாரல்லர். தடுத்தார்கள், கோயிற்கல்லைத் தொடாதீர் என்று முறையிட்டார்கள். தடுத்தவருக்குத் தண்டனையே கிடைத்தது. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல்மதில் கட்டித் தருவோம் என்றொரு வாக்கு மட்டும் அவர்களுக்கு வழங்கப்பட்டது. அவ்வாக்குக் காக்கப்படவில்லை என்பதை 1855-இல் அச்சேறிய ஒரு குறிப்பு ஆற்றாமையோடு பதிந்து வைத்திருக்கிறது. எழுதியவன் ஊரான் அல்லன். ஆங்கிலம் எழுதத் தெரிந்த எவனோ. அவனுக்கு யான் கடன்பட்டிருக்கிறேன். அந்தச் சில வரிகளும் இல்லையேல், அடித்து விரட்டப்பட்ட அம்மக்களின் குரல் ஒரு தலைமுறைக்குள் அவிந்திருக்கும்.

புரவலன் மாய்ந்தபோது புலவர் செயலற்று நின்று பாடுவது நம் மரபு. கபிலர் பாரிக்காகப் பாடியது கையறுநிலை என்னும் அத்துறையே. கல்லுக்கும் சுதைக்கும் கையறுநிலை பொருந்துமோ என்று கேட்பார் கேட்கட்டும். கங்கை வரை சென்ற முதலாம் இராசேந்திரன் எழுப்பிய நகரம் இது. ஏறத்தாழ 250 ஆண்டு சோழரின் தலைநகராய் வீற்றிருந்தது. அதன் நடுவே 180 அடி உயர்ந்த விமானம் இன்றும் நிற்கிறது. தஞ்சை விமானம் நேர்கோட்டில் கூர்ந்து ஏறும். இதுவோ இடையில் உள்வளைந்து, மீண்டும் தன்னைத் திரட்டிக்கொண்டு மேலேறும். தலைவன் நிற்கச் சுற்றம் முழுதும் மாண்ட வீடு அது. கிழக்குக் கோபுரம் அடித்தளமாய்க் கிடக்கிறது. இருநிலையாய் ஓடிய சுற்றுமாளிகையில் சிறு துண்டே எஞ்சியது. முற்றத்துப் புல்வெளியில் நின்று நாற்புறமும் பார்க்கும்போது இங்கே ஏதோ இருந்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது. எது இருந்தது என்று தெரிவதில்லை.

அணையின் நீர் என்னவாயிற்று என்றும் சொல்லிவிட வேண்டும். கீழணையில் தேங்கிய நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணமோ வீரநாராயணன் என்று விருதுகொண்ட முதலாம் பராந்தகன் பெயரால் அமைந்த ஏரி. இராசேந்திரனின் கோயிற்கல் அவன் முன்னோனின் ஏரிக்கு நீர் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்நீரில் விளைந்த நெல்லைப் பல தலைமுறை உண்டது. 2004 முதல் சென்னையும் அந்நீரைக் குடிக்கிறது. அணை வேண்டா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சோழகங்கம் என்று பெரும் ஏரி வெட்டி, அதனை நீரால் ஆன வெற்றித்தூண் என்று செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராசேந்திரன். நீருக்காகத் தன் மதிலைக் கேட்டிருந்தால் அவனே தந்திருக்கவும் கூடும். என் துயரின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. பெயர்க்கும் முன் நின்னை ஒருவனேனும் அளந்து வரைந்திருக்கலாகாதா, மதிலே? கட்டவிருந்த அணைக்கு வரைபடம் வரைந்தார்கள். அழியவிருந்த நினக்கு வரைந்ததாக ஓர் ஏட்டையும் யான் கண்டிலேன்.

உரோமாபுரியை நினைக்கும்போதுதான் இத்துயர் இன்னும் கூர்மையாகிறது. அங்கும் நடந்தது இதுவே, இதனினும் கொடிது. சலவைக்கல் தூண்களையும் சிலைகளையும் காளவாயில் இட்டுச் சுண்ணாம்பாகச் சுட்டார்கள். பேரரசர் மண்டபங்கள் நூற்றாண்டு நூற்றாண்டாகப் புது மாளிகைகளுக்குக் கற்சுரங்கம் ஆயின. ஆயினும் பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நகரில் ஒருவகை மக்கள் தோன்றினர். தாளும் இறகுப்பேனாவும் அளவுகோலும் கொண்டு இடிபாடுகளுக்குள் நுழைந்தனர். புரூனெல்லெஸ்கியும் தொனாத்தெல்லோவும் நிலத்தைத் தோண்டி அளப்பதைக் கண்ட ஊரார், புதையல் தேடுவோர் என்று அவர்களை எண்ணினராம். சூலியானோ தா சங்கல்லோ 1465-இல் தொடங்கிய ஏடு ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. பின்னாளில் இருந்த இடம் தெரியாமற் போன எமிலியா மண்டபத்தின் மூலை ஒன்று, தூணும் விட்டமும் காளைத்தலைச் செதுக்கும் தோன்ற, அதில் நிற்கிறது. பெர்னார்தோ தெல்லா வோல்பாயா 1515-ஐ ஒட்டி வரைந்த ஏடு இலண்டனில் சர் சான் சோன் காட்சியகத்தில் இருக்கிறது. கொடுங்கையின் ஒவ்வோர் உறுப்புக்கும் பக்கத்தில் அளவு எழுதியிருக்கிறான். மைக்கேலாஞ்சலோ அவ்வேட்டைத் தன்முன் விரித்துவைத்துச் சிவப்புச் சுண்ணக்கோலால் படி எடுத்தான். கல்லில் உயிர் காட்டிய அக்கை, பிறனொருவன் அளந்த தூண்தலைப்பைப் பள்ளிச் சிறுவனைப் போல் பார்த்து எழுதியது.

செப்டிசோடியம் என்றொரு முகப்பு. செப்டிமியசு செவரசு என்னும் பேரரசன் கி.பி. 203-இல் பாலத்தீன் குன்றின் அடியில் நிறுத்தியது. மூன்று நிலைத் தூண்வரிசை. அதன் எஞ்சிய கோடியை 1588, 1589-ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் சிக்சுடசு என்னும் போப்பு இடித்து, கல்லைத் தம் கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, மார்டன் வான் கெம்சுகெர்க் என்னும் வடநாட்டு ஓவியன் உரோமில் தங்கியபோது அதனை வரைந்துவிட்டான். முகப்பு போயிற்று, எத்தனை தூண், எந்நிலையில் எவ்வளவு சிதைவு, விரிசலில் எங்கே செடி முளைத்தது என்பதுவரை இருக்கிறது.

நீரோவின் பொன்மாளிகை மண்மூடிப் புதைந்து கிடந்தது. 1480-ஐ ஒட்டி மேற்கூரையில் துளை கண்டு, ஓவியர் வடம் கட்டி இறங்கினர். தீவட்டி ஒளியில் அவர்கள் கண்ட கொடியும் விலங்கும் பாதி மனித உருவும் பின்னிய சுவர் அணிவகை, இரஃபேலின் கைவழியே வத்திக்கான் தாழ்வாரங்களில் மறுபிறவி எடுத்தது. இறங்கியவர் தம் பெயரை விதானத்தில் கீறி வைத்தனர், இன்றும் படிக்கலாம். ஈரம் ஏறி அவ்வோவியங்களிற் பல மங்கின. போர்த்துக்கலின் பிரான்சிசுகோ தெ ஓலாந்தா அதன் பொன்விதானத்தை வண்ணத்தோடு வரைந்த தாள் இல்லையேல், அவ்விதானம் எப்படிப் பொலிந்தது என்பதை இன்று எவரே அறிவார்? நம் தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி இருண்ட சுற்றறையுள் விளக்கேந்திச் சென்று, நாயக்கர் ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் உறங்குவதைக் கண்ட செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்த வடங்கள் என் கண்முன் ஆடுகின்றன.

இரஃபேலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் லியோ போப்பு 1515-இல் அவனிடம் பழங்கற்களின் மேற்பார்வையை ஒப்படைத்தார். புதிய பேதுரு பேராலயத்துக்குக் கல் தேடித் தருவதும் அப்பணியில் அடக்கம்! அழிவுக்கும் காவலுக்கும் ஒருவனே பொறுப்பானான். அந்நிலை அவன் நெஞ்சை அறுத்திருக்க வேண்டும். 1519-ஐ ஒட்டி, காஸ்திலியோனே என்னும் நண்பரின் துணையோடு அவன் போப்புக்கு ஒரு மடல் எழுதினான். புது உரோமின் சுண்ணாம்பு முழுவதும் பழைய சிலைகளைச் சுட்டெடுத்ததே என்னும் பொருள்பட அதில் அழுதிருக்கிறான். அழுததோடு நின்றானல்லன். பழைய நகரம் முழுவதையும் வரையவேண்டும் என்றான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தரைப்படம் ஒன்று, புறமுகப்படம் ஒன்று, உள்முக வெட்டுப்படம் ஒன்று என்று முறையும் வகுத்தான். 1520 ஏப்ரல் 6-இல், 37 வயதில் இறந்தான். நகரம் வரையப்படாமல் நின்றது. ஆனால் அம்முறை நின்றது. பலாதியோ முதலானோர் அதனைக் கைக்கொண்டனர்.

நமக்கு ஏன் அப்படியொரு கூட்டம் வாய்க்கவில்லை? கை இல்லாமலா? கையோ நிறைந்திருந்தது. உரோமில் கட்டடக்கலையின் வழி அறுந்துபோயிற்று. தந்தை மகனுக்குச் சொல்லித்தர ஆளில்லை. ஆகவே செத்த கல்லிடம் போய் அளவு கேட்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் வழி அறுபடவேயில்லை. தபதியின் மகன் தபதியானான். காவி தோய்த்த நூலைக் கல்லில் அடித்துக் கோடிட்டான். தரையில் முழு அளவில் வரைந்து பார்த்தான். பணி முடிந்ததும் கோடு அழிந்தது. அளவு கையிலும் நாவிலும் இருந்தது. கையில் இருப்பதைத் தாளில் எழுதுவானேன்? அறுபடாத மரபு என்னும் பெரும்பேறே நமக்கு இக்கேட்டையும் தந்தது என்பதை எண்ணும்போது என் நெஞ்சு உடைகிறது. புதிது செய்யத் தெரிந்தவன் இருக்கும்வரை பழையதை அளப்பார் இல்லை. அவன் செய்யும் புதிதோ அப்பழையது அன்று.

இதனைக் கண்ணெதிரே காட்டியவர் புதுச்சேரியில் ஆசிரியராய் இருந்த கபிரியேல் சூவோ துப்ராய். 1914-இல் பாரிசில் வெளிவந்த அவர் நூலில் அரசர் பெயரினும் கோட்டுப்படங்களே மிகுதியும் பேசும். தூணின் தலையில் விட்டத்தைத் தாங்கக் கை நீட்டுகிறதே போதிகை, அதை மட்டும் பாருங்கள். பல்லவர் குடைவரையில் அது உருண்டு வளைந்த எளிய கல். சில இடங்களில் அலைபோன்ற மடிப்பு ஓடும். அதுவே தரங்கப் போதிகை. சோழர் கையில் வளைவு போய்ச் சாய்வாக வெட்டப்பட்டது. நடுவில் முக்கோணமாய் ஒரு முகம் முன்னே நிற்கும். வெட்டுப் போதிகை என்போம். பின்வந்தோர் அம்முகத்தை மெல்ல மெல்ல வெளியே இழுத்து மொட்டாக்கினர். விசயநகரத்தார் காலத்தில் மொட்டு கீழ்நோக்கித் தாமரையாய்த் தொங்கிற்று; இன்றைய தபதியின் உளியில் அது வாழைப்பூவாக நீண்டிருக்கிறது. அவ்வாறே கபோதத்தின் மேல் பூத்திருக்கும் கூடு: பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டியின் தகடுபோல் விரிந்திருக்கும், சோழர் கூட்டின் உச்சியிலே சிங்கமுகம் வந்து அமரும். கல்வெட்டே இல்லாத கோயிலுக்கும் இவ்வுறுப்புகள் நூற்றாண்டு சொல்லும். ஓர் ஏட்டில் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், தாத்தன் முகம் பேரனில் மாறி வருவது தெரிகிறது. நடுவில் ஒரு தலைமுறையைப் பிடுங்கி எறிந்துவிட்டால் என்ன தெரியும்?

யான் வேப்பந்தட்டை வட்டத்தான். மேற்கே பச்சைமலை, கிழக்கே பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல். எம் வட்டத்தில் வாலிகண்டபுரம் இருக்கிறது. வாலி வழிபட்டான் என்று ஊர் நம்பும் வாலீசுவரர் கோயிலில் பராந்தகன் காலந்தொட்டு எழுத்துப் பேசுகிறது. நெடுஞ்சாலையில் சென்னைக்கு விரைவோர் இடப்புறம் வலப்புறம் பாராது கடந்துபோகிறார்கள். சற்று வடக்கே இரஞ்சன்குடிக் கோட்டை. அரைவட்டக் கொத்தளங்கள் அகழியை நோக்கிப் புடைத்து நிற்கும். ஐரோப்பியர் ஏடுகளில் வால்கொண்டா என்று எழுதப்பட்ட 1751-ஆம் ஆண்டுப் போர் இங்குதான் நடந்தது. ஆர்க்காட்டு அரியணைக்காக முகம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயரும், சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் மோதினர். இன்று தொல்லியல் துறையின் காவலில் இருப்பதால் அக்கொத்தளத்தின் கல் நிற்கிறது.

காவலில்லாத சிறுகோயில்களை என்ன சொல்ல! பெயர் வேண்டா, எம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் திருப்பணி என்னும் நற்பெயரால் பழைய முன்மண்டபம் இறக்கப்பட்டது. இறக்கியவர் பத்தியோடுதான் இறக்கினர். ஒழுகும் மண்டபத்தில் அம்மை நனைகிறாளே என்று கண்கலங்கியவர்கள். யான் போய்ச் சேர்ந்தபோது போதிகைகள் தரையில் கிடந்தன. ஒன்றன்மேல் ஈயப்பட்டையை அழுத்தி, வளைவு பிசகாமல் எடுத்து, தாளில் வைத்துக் கரிக்கோல் ஓட்டினேன். சாய்வெட்டு கீழிறங்கும் இடத்தில் எவனோ ஒரு சோழநாட்டுத் தச்சன் உளியை ஒரு நெல்லளவு உள்ளே தள்ளியிருந்தான். வெயில் விழும்போது அங்கே ஒரு நிழற்கோடு விழட்டும் என்று. தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு அக்கோடுதான் விட்டத்தையும் தூணையும் பிரித்துக் காட்டும். தாளில் எடுத்த பிறகே அது என் கண்ணுக்குப் பட்டது. மற்றைக் கற்கள் அன்று மாலையே சாலைக்கு அடியில் நிரப்பப் போய்விட்டன. புதிய மண்டபம் எழுந்தது. வாழைப்பூப் போதிகையோடு, மழுமழுவென்று. குடமுழுக்கு நாளில் ஊர் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. அந்நிழற்கோடு மட்டும் என் பெட்டியில் ஒரு தாளாய்க் கிடக்கிறது.

எம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்மரம் ஒன்று கிடக்கிறது. 18 மீட்டர் நீளம்; கடல் இந்நிலத்தில் புரண்ட ஊழியில் அடித்துவரப்பட்டுச் சேற்றில் புதைந்தது. மரம் மக்க மக்க, மக்கிய இடத்தைக் கனிமம் வந்து நிரப்பிற்று. மரம் மாய்ந்தும் வடிவம் மாயவில்லை. கல் மாயும்போது அதன் வடிவை வந்து நிரப்புவது கோடு ஒன்றே. அக்கோட்டை இட ஒரு கை குனிந்திருக்க வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் அந்தக் கையும் காலங்கடந்தே வந்தது. இராசேந்திரன் அரண்மனை அங்கே இருந்தது. சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டு அதற்குப் பெயர் சொல்லும். 1980 தொடங்கித் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். செங்கல் அடித்தளம், தூண் நட்ட கருங்கல் பீடம், கூரை ஓடு, இரும்பாணி, சீனத்துப் பீங்கான் உடைசல் எல்லாம் வெளிப்பட்டன. சுவர் இல்லை, செங்கல்லைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துச்சென்று வீடு கட்டிக்கொண்டார்கள். அகழ்ந்தவர் எஞ்சியதை அங்குலம் பிசகாது அளந்து வரைந்தனர். அவர்கள் கை வாழ்க. ஆனால் மேல்மாடம் எப்படி இருந்தது, சாளரம் எப்பக்கம் திறந்தது, மரத்தூணின் தலையில் எப்போதிகை கை நீட்டியது? உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று சுற்றிலும் ஊர்ப்பெயர்கள் மட்டும் நகரின் தரைப்படத்தை இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கின்றன. பேருந்தில் நடத்துநர் அப்பெயர்களைக் கூவும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தஞ்சையிற் பிறந்து பெங்களூரில் நீதிபதியாய் இருந்தவர் இராம் இராசு. சிற்பநூல் ஏடுகளைத் தேடித் தொகுத்தார். அவற்றுள் மானசாரம் என்னும் நூல் சிதைந்து கிடந்தது, சொல் விளங்கவில்லை, பண்டிதரைக் கேட்டால் கட்டடம் அறியார், தச்சரைக் கேட்டால் வடமொழி அறியார். இறுதியில் தொழில் நன்கறிந்த சிற்பி ஒருவரைத் துணைக்கொண்டார். ஏட்டின் சொல்லை அவர் படிக்க, அச்சொல் கல்லில் எவ்வுறுப்பு என்று சிற்பி காட்ட, உபானமும் குமுதமும் பட்டிகையும் கபோதமும் தாளில் ஏறின. நம் கோயில் அடித்தளமாகிய அதிட்டானத்தை உரோமர் பீடத்தோடும் கிரேக்கர் தூணோடும் அளவுக்கு அளவு ஒப்பிட்டு எழுதினார். இரஃபேல் கண்ட கனவை நம் மண்ணில் தொட்டவர் அவர். நூல் 1834-இல் இலண்டனில் அச்சாயிற்று, 48 படங்களோடு. அச்சானதைக் காண அவர் உயிரோடில்லை. சிற்பியின் பெயரை நூல் சொல்லவில்லை.

1834-க்கும் 1836-க்கும் நடுவே இரண்டே ஆண்டு. நூல் நூலகங்களில் அடங்கிற்று. வண்டிகள் கோயில்வாசலுக்கு வந்தன. பெயரறியாத் தபதியே, காவி நூலும் முழக்கோலும் கொண்டு, ஏடு தூக்க ஒரு சிறுவனோடு நீர் அந்த மதிலடிக்கு வந்து தங்கியிருக்கலாகாதா? தை பிறந்து வைகாசி முடியுமுன், நெடுமதிலையும் சுற்றுமாளிகையின் இருநிலையையும் கோபுரத்தின் ஒவ்வொரு வரியையும் உம்மால் எடுத்திருக்க முடியும். உம்மை அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லையே, ஐயா! கேட்டிருந்தால் நீர் மறுத்திருக்கவும் மாட்டீர்.